ஒரே பிழை இரண்டு முறை வந்தால்

துணி வடிவமைப்பு என் தொழில். கையால் செய்த துணியை ஸ்கேன் செய்து, கணினியில் சுத்தப்படுத்தி, டிஜிட்டல் பிரிண்டுக்கான கோப்பாக்கிக் கொடுப்பது அதில் பெரும்பங்கு. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்: இகட், பாத்திக் என்ற பெயரில் விற்பனைக்கு வரும் துணிகளில் நிறைய, அந்தத் துணிகளைப் படம் பிடித்து அச்சடித்தவை.

இகட் என்ற மலாய்ச் சொல்லுக்குக் கட்டுதல் என்று பொருள். நெய்வதற்கு முன்பே நூலை இடம் பார்த்துக் கட்டி, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்குப் போகும். நூல் இம்மி நகர்ந்தாலும் பூவின் ஓரம் கலங்கிவிடும், அந்தக் கலங்கல்தான் அதன் அழகு. பாத்திக் என்றால் உருகிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்குவது. மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழைக் கோடு ஓடும். இந்தோனேசிய பாத்திக்கை 2009-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒருமுறை ஒரு பாத்திக் துணியை ஸ்கேன் செய்தபோது, ஒரு இலையின் மேல் மெழுகு சிந்திய சின்னப் புள்ளி இருந்தது. வாடிக்கையாளர் அதை அழிக்க வேண்டாம், கைவேலை மாதிரி தெரியும் என்றார். அச்சாகி வந்த துணியை விரித்துப் பார்த்தால் அதே புள்ளி, அதே இலையில், ஒரே இடைவெளியில் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கை ஒரே தவறை அச்சு அசலாகத் திரும்பச் செய்யாது. துணியை நீளமாக விரித்து முதலில் இதைத்தான் பாருங்கள்.

அடுத்து பின்பக்கம். அச்சில் பெரும்பாலும் நிறம் வெளிறியிருக்கும், ஆனால் மெல்லிய பட்டில் மை ஊடுருவிவிடும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. இகட் என்று சொன்னால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள்: கட்டிச் சாயமேற்றிய நூலில் சுற்றிலும் நிறம் இருக்கும், அச்சடித்ததில் இன்னொரு நூலுக்கு அடியில் மறைந்திருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக நிற்கும்.

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1804-இல் வந்த, பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியே துளையிட்ட அட்டைகளால்தான் ஓடியது. துளை இருந்தால் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கணினிக்கு முன்னோடியான சார்ல்ஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அந்த அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். இன்றைக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டைக்குப் பதில் கோப்பு, அவ்வளவுதான். பல நாள் அட்டை குத்தும் வேலை மிச்சமாகிறது, துணியோ நிஜமாகவே நெய்யப்படுகிறது. முப்பரிமாண மென்பொருளில் உடையைத் திரையிலேயே தைத்துப் பார்த்து மாதிரித் துணி வீணாவதைக் குறைப்பதும் அப்படித்தான். அச்சடித்த துணிக்கும் ஒரு இடம் உண்டு, விலை குறைவு, பலருக்கு எட்டும். அச்சு என்று சொல்லி விற்கட்டும்.

எனக்கு இன்னும் உறுத்துவது உரிமை. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள், தங்கள் பெயரைப் பொருள்களில் போட்டு விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற ஆடை நிறுவனத்தின் மீது 2012-இல் வழக்குப் போட்டு, 2016-இல் சமரசத்துக்கு வந்தார்கள். பெயருக்கே இத்தனை போராட்டம், ஸ்கேனரில் வைத்து எடுத்த வடிவத்துக்கு யார் கேட்பது? அதனால் இப்போது கோப்பு கேட்டு வருபவர்களிடம், மூலத் துணியைச் செய்தவர் யார், அவருக்குத் தெரியுமா, அவருக்கு என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேட்கிறேன். சிலர் திரும்ப வருவதில்லை.

இணையத்தில் வாங்குபவர்கள் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: துணியின் பின்பக்கம் ஒன்று, முழு நீளத்தையும் விரித்து எடுத்தது ஒன்று.