பிள்ளையைப் பார்க்க ஐரோப்பா போக விசிட் விசா: எல்லைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

கேரள, தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனது பழைய கதை. இப்போது கோயமுத்தூரில் எஞ்சினியரிங் முடித்தவர்கள் மூனிக்கிலும் பெர்லினிலும் வேலையில் இருக்கிறார்கள். மருமகள் மாசமாக இருக்கிறாள், அம்மா வந்து மூன்று மாதம் கூட இருக்கணும் என்று போன் வருகிறது. அடுத்த நாளே அக்கம்பக்கத்தில் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, விசாவுக்குக் கொச்சிக்குப் போறதுங்களா, சென்னைக்குப் போறதுங்களா?"

பதில் முதலில் நீங்கள் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில நாடுகளுக்கு எல்லைக்கு எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். ஜெர்மன் துணைத் தூதரகங்களின் பங்கீட்டில் கேரளம் பெங்களூருவின் கீழ் வருகிறது, தமிழ்நாடு சென்னையின் கீழ். ஆனால் குறுகிய கால விசிட் விசாவை மட்டும் இந்தியா முழுதுக்கும் மும்பையில் இருக்கும் துணைத் தூதரகமே பார்க்கிறது. பிரான்ஸுக்கு அப்படி இல்லை. புதுச்சேரி, சென்னையில் இருக்கும் அவர்களது துணைத் தூதரகமே தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவுக்கும் இரண்டு மாநிலத்துக்கும் சென்னைதான். ஆக, வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே ஒரு வீடும் கிழக்கே ஒரு வீடும் ஜெர்மனிக்கு விசிட் விசா விண்ணப்பித்தால், இரண்டும் ஒரே ஆபீஸின் கணக்கில்தான் போகும். இடத்தைக் கேட்கும் நாடுகளும் பார்ப்பது இப்போது குடியிருக்கும் இடத்தை. பாஸ்போர்ட்டில் கேரள முகவரி இருந்து, ஐந்து வருடமாகப் பொள்ளாச்சியில் வாடகைக்கு இருந்தால், வாடகை ஒப்பந்தம், ஆதார், கரண்ட் பில் என்று ஏதாவது காட்டிப் பொள்ளாச்சி முகவரியில் விண்ணப்பிப்பதே சரி. தூதரகத்துக்கு நேரே போக வேண்டியதில்லை. விஎஃப்எஸ் மாதிரியான விண்ணப்ப மையத்தில்தான் காகிதத்தையும் கைரேகையையும் வாங்குவார்கள். முடிவெடுப்பது தூதரகம், மையத்தில் இருப்பவருக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது.

ஷெங்கன் விசா என்பது 29 நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசா. ஜெர்மனி தந்த விசாவில் பிரான்ஸையும் இத்தாலியையும் சுற்றிவிட்டு வரலாம். அதனால்தான் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி. நாள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. "அந்த நாட்டுக்கு அப்பாயிண்ட்மெண்ட் சீக்கிரம் கிடைக்குது, அங்கே போட்டுக்கலாம்" என்று சொல்லும் ஏஜெண்டைக் கேட்காதீர்கள். மகன் வீடு பெர்லினில், விண்ணப்பம் வேறு நாட்டுக்கு என்றால், பயண நோக்கமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

குறுகிய காலம் என்றால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மே 1 இறங்கினால் ஜூலை 29 அன்று 90 நாள் முடிந்துவிடும். இங்கே வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது. மல்டிபிள் என்ட்ரி விசாவே கையில் இருந்தாலும் அக்டோபர் 28க்கு முன் திரும்ப நுழைய நாள் மிச்சமிருக்காது. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியதை எண்ணிப் பார்த்தார்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகத்தையும் கைரேகையையும் பதிந்து கம்ப்யூட்டரே நாளைக் கணக்கு வைக்கும் முறை படிப்படியாக வந்தது. ஒரு நாள் கூடினாலும் தெரியும்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது ஆகாத பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். ரூபாயில் கட்டலாம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் வரக்கூடாது. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், தேவைப்பட்டால் 45 நாள் வரை போகும். ஏப்ரல், மே கூட்டத்தில் அப்பாயிண்ட்மெண்ட்டே கிடைக்காது என்பதால் மூன்று மாதம் முன்னால் ஆரம்பிப்பது நல்லது. பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். ஃபைலைப் படிக்கிற அதிகாரி இரண்டு கேள்விக்குப் பதில் தேடுகிறார்: செலவுக்குப் பணம் யார் தருவது, இவர் திரும்பிப் போவாரா? முதல் கேள்விக்கு மகனே பதில் சொல்லிவிடலாம். ஜெர்மனியில் இருப்பவர் தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பள விவரம் காட்டி, இவர்களின் செலவு என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து, முத்திரை பதித்த பத்திரம் வாங்கலாம். அதன் அசலைக் கூரியரில் அனுப்ப வேண்டும். மகன் தானே டைப் செய்து அனுப்பும் அழைப்புக் கடிதம் இதற்கு ஈடாகாது.

ஆனால் அந்தப் பத்திரம் இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகாது. நம் ஊரில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். "பையன் எல்லாம் பாத்துக்குவான், நாம எதுக்குக் காட்டணும்" என்று பத்திரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மகன் நன்றாக வசதியாக இருக்கிறான் என்பதே, அம்மா அங்கேயே தங்கிவிடுவாரோ என்ற சந்தேகத்துக்கும் காரணமாகலாம். ஊரில் உங்களை இழுத்துப் பிடிக்கிறது எது என்று காட்ட வேண்டும்: வீடு, தோப்பு, மாடு, பென்ஷன், ஊரிலேயே இருக்கும் கணவர், படிக்கிற இன்னொரு பிள்ளை.

அந்த ஆதாரங்கள்தான் நமக்கு இரண்டு மாநிலத்திலும் சிதறிக் கிடக்கின்றன. வீடு பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில், அதற்கு வில்லேஜ் ஆபீஸ் தந்த கரம் அடைத்த (நிலவரி கட்டிய) ரசீதும் பொசஷன் சர்டிபிகேட் என்ற அனுபவச் சான்றும் மலையாளத்தில். தோப்பு பொள்ளாச்சிப் பக்கம், அதற்குப் பட்டாவும் சிட்டாவும் தமிழில், அதுவும் இறந்துபோன மாமனார் பெயரில். பென்ஷன் பாலக்காட்டு பேங்கில், தேங்காய்க் காசு பொள்ளாச்சி பேங்கில். இது குற்றமே இல்லை. ஆனால் எடுத்துச் சொல்லாவிட்டால் படிப்பவருக்கு இரண்டு ஆளுடைய காகிதம் கலந்துவிட்ட மாதிரி இருக்கும். மலையாளம், தமிழ் இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். பட்டா மாமனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழையும் கூட வையுங்கள்.

பேங்க் ஸ்டேட்மெண்ட் குறைந்தது கடைசி மூன்று மாதத்துக்கு. நெல் போடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: கேரள அரசுக்காக நெல் வாங்கும் சப்ளைகோவுக்கு நெல் கொடுத்த பணத்தை பேங்க் அந்த ரசீதின் பேரில் கடனாகத் தருவதால், விற்ற நெல்லின் காசு ஸ்டேட்மெண்டில் கடன் மாதிரித் தெரியும். ரசீது நகலை வைத்து ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். பால் சொசைட்டிப் பணம் மாதாமாதம் ஏறுவது நல்ல சாட்சி. கள்ளு இறக்கத் தென்னையைக் குத்தகைக்கு விட்ட வருமானமும் சித்தூர் பக்கம் சட்டப்படியானதுதான், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் காட்டலாம். (எல்லை தாண்டினால் கள்ளுக்குத் தடை, இந்தப் பக்கம் லைசென்ஸ், ஐரோப்பிய அதிகாரிக்கு இதை விளக்க வேண்டாம்.) விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருப்பீர்கள், அதையும் சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அண்ணனிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஆறாயிரம், எட்டாயிரம் என்று ஓடிய கணக்கில் அது பளிச்சென்று தெரியும்.

இதையெல்லாம் கட்டிப் போடுகிற கயிறு கவரிங் லெட்டர். ஒரு பக்கம் போதும். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அதன் சாரம் இப்படி இருக்கலாம்: "நான் 58 வயது விவசாயி. கேரள, தமிழ்நாடு எல்லையில் குடியிருக்கிறேன். வீடு கேரளத்தில், இணைப்பு 4. இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு தமிழ்நாட்டில், மாமனார் பெயரில் இருந்து எங்களுக்கு வந்தது, இணைப்பு 5, 6. இரண்டு இடத்துக்கும் நடுவே பத்து கிலோமீட்டர். மருமகளின் பிரசவத்துக்காக மே 5 முதல் ஜூலை 25 வரை மகன் வீட்டில் தங்குவேன். என் கணவர் ஊரில் இருந்து மாடுகளையும் தோப்பையும் பார்த்துக்கொள்வார்." இவ்வளவுதான். உருக்கமாக எழுத வேண்டாம். தேதியும் இணைப்பு எண்ணும் பொருந்தினால் சரி.

பெயர் விஷயத்தில் நாம் படும் பாடு தனி. எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர், பேங்கில் வீட்டுக்காரர் பெயர், சொத்தில் வீட்டுப் பெயர் சேர்த்து என்று ஒரே ஆளுக்கு நான்கு விதம். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் விசாவுக்குப் பெயர். விண்ணப்பம், இன்சூரன்ஸ், டிக்கெட் மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். மற்ற காகிதங்களில் வேறு மாதிரி இருந்தால் எல்லாம் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று வாங்கலாம், அல்லது நோட்டரி முன் அஃபிடவிட் போடலாம். துபாய் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசா, சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. விசிட் விசாவில் போய் வேலை பிடித்துக்கொள்ளலாம் என்று அழைத்துப் போகிறவர்களை நம்ப வேண்டாம், அதில் மாட்டினால் தொழிலாளிக்குரிய பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு இல்லை.

இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும், தங்கும் நாள் முழுதுக்கும் எடுக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் விலை மட்டும் பார்க்காமல் ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருகிறார்கள் என்ற பத்தியைப் படியுங்கள். டிக்கெட்டை முன்பதிவு நிலையில் காட்டினால் போதும், விசா வருவதற்கு முன் முழுப் பணம் கட்டாதீர்கள். மகன் வீட்டில் தங்கப் போகிறவருக்கு ஹோட்டல் புக்கிங்கே வேண்டாம். ஏஜெண்ட் ஒரு போலி புக்கிங் சொருகினால் உண்மையான மற்ற காகிதமும் கெட்டுப்போகும்.

மையத்தில் பத்து விரலும் பதிவார்கள். ரேஷன் கடை மிஷினில் விரல் விழாமல் கண் காட்டி அரிசி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். தேங்காய் உரித்து, மாட்டுக்குப் புல் அறுத்துத் தேய்ந்த விரல்தான். சில நாள் முன்பிருந்து ராத்திரி எண்ணெய் தடவுங்கள், மருதாணி வேண்டாம், வெட்டுக்காயம் இருந்தால் ஆறட்டும். துடைத்துத் துடைத்து இரண்டு மூன்று தடவை எடுப்பார்கள். ஒரு தடவை பதிந்தது 59 மாதம் வரை செல்லும்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்பது ஒரு வரி, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு வரி. செல்லுபடி 105 நாள் இருக்கும், தங்கும் நாள் 90 என்று போட்டிருக்கும். அந்த அதிகப்படி 15 நாள் பயணத்தேதி தள்ளிப்போனால் உதவத்தான், கூடத் தங்க அல்ல.

மறுத்தால் அச்சடித்த தாளில் காரணத்துக்கு நேரே டிக் போட்டுத் தருவார்கள். நமக்கு வருவது பெரும்பாலும் இரண்டு: தங்கும் நோக்கம் நம்பும்படி இல்லை, திரும்பிச் செல்வாரா என்பதில் சந்தேகம். ஜெர்மனியில் மறுபரிசீலனைக் கடிதம் போடும் வழி 2025 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது புதிதாக விண்ணப்பிக்கலாம். புதிய விண்ணப்பத்துக்கு இடைவெளி எதுவும் விதிக்கப்படவில்லை, ஆனால் அதே ஃபைலை அதே மாதிரி கொடுத்தால் அதே டிக்தான் வரும். எந்தக் காரணத்துக்கு டிக் போட்டார்களோ அதற்கு மட்டும் புதிய காகிதம் சேருங்கள். முந்தைய மறுப்பை மறைக்க நினைக்காதீர்கள், அது அவர்களின் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியவர்களுக்கு 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகை கொடுத்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி விதிப்படி பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு வருடத்துக்கு மல்டிபிள் என்ட்ரியாகக் கிடைக்கும். அதற்கு அடுத்தது, பாஸ்போர்ட்டில் ஆயுள் இருந்தால், ஐந்து வருடம். அதிலும் 180 நாளில் 90 என்ற கணக்கு மாறாது. இரண்டாவது பேரனுக்குப் போகும்போது பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள், அந்தப் பழைய ஸ்டிக்கர்தான் அத்தாட்சி.