தூசி தட்டும் விமானமா?

போன வாரம் தொலைக்காட்சியில் பழைய விமானங்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். பைப்பர் பாவ்னி என்ற சிறு விமானம் வயலை உரசுகிற மாதிரி தாழப் பறக்கிறது. திரைக்கு அடியில், ‘பயிர்த் தூசி தட்டும் விமானம்.’ இதே சொல்லை நான் பார்ப்பது மூன்றாவது தடவை. பயிரில் என்ன தூசி, அதைத் தட்ட எதற்கு விமானம் என்று மொழிபெயர்த்தவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லையா?

ஆங்கிலத்தில் ‘கிராப் டஸ்டர்’. ‘டஸ்ட்’ என்ற வினை தூசியைத் துடைப்பதற்கும் ஆகும், தூளைத் தூவுவதற்கும் ஆகும். இங்கே தூவுவதுதான். 1921இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜான் மெக்ரெடி விமானத்திலிருந்து தூவியது ஈய ஆர்சனேட் தூள், மரத்தில் புழுவைக் கொல்ல. பிற்பாடு திரவ மருந்து வந்தும் பெயர் மாறவில்லை.

அப்படியானால் ‘தூவும் விமானம்’ போதுமா? போதாது. திருநீறு, விதை, பூ இதையெல்லாம் தூவுவோம், தண்ணீரைத் தெளிப்போம். பாவ்னியோ இரண்டையும் செய்யும்.

பினாங்கில் எனக்கொரு தனித்தமிழ் நண்பர் உண்டு. ‘வேளாண் வானூர்தி’ என்று எழுது என்கிறார். நல்ல தமிழ்தான், ஆனால் என்ன வேலை செய்கிறது என்று அதில் இல்லையே. விதைப்பது, உரம் போடுவது எல்லாம் அடங்குமாம். சரி, மொத்த வகைக்கும் அது பெயராக இருக்கட்டும். இன்னொருவர் ‘பூச்சிக்கொல்லித் தெளிப்பு வானூர்தி’ என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் விமானம் அடுத்த வயலுக்குப் போய்விடும். பூஞ்சணமும் களையும் எப்போது பூச்சியாயின?

நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெரியம்மாவிடம் படத்தைக் காட்டினேன். “மருந்தடிக்கிற பிளேன்” என்றார், யோசிக்கவே இல்லை. ரப்பர் இலைநோய்க்குக் கந்தகத் தூள் போட்டாலும், முதுகில் டின்னைச் சுமந்து லாலாங் என்ற களைப்புல்லுக்குத் தண்ணி மருந்து விட்டாலும், தோட்டத்தில் அதற்கு ஒரே பெயர், மருந்தடிப்பு. தூளா திரவமா என்ற சண்டையே அங்கு இல்லை. நான் ‘மருந்தடி விமானம்’ என்றே எழுதப் போகிறேன்.

ஆவணப்படத்தில் இன்னொன்றும் வந்தது. பாவ்னியை வடிவமைத்த ஃபிரெட் வைக், மருந்துத் தொட்டியை விமானிக்கு முன்னால் வைத்தார். விழுந்து மோதினால் அவ்வளவு பாரமும் பின்னாலிருந்து வந்து அவரை நசுக்கக்கூடாது என்பதற்காக. தொட்டிக்கு ஆங்கிலத்தில் ‘ஹாப்பர்’. ‘ஹாப்’ என்றால் குதிப்பதும் ஆகும். தமிழ் வரியில் வந்தது: ‘விமானிக்கு முன்னால் குதிப்பான் உள்ளது.’

அதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.