மடங்கள் கலைப்பா, ஒழிப்பா?

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசன் எட்டாம் ஹென்றி கிறித்தவத் துறவியரின் மடங்களை மூடிச் சொத்தை எடுத்துக்கொண்டதைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலரும் ‘மடாலய ஒழிப்பு’ என்றே எழுதுகிறார்கள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

மூலச்சொல் ‘டிஸ்ஸொல்யூஷன்’. அவிழ்த்தல், தளர்த்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையில் பிறந்தது. நாடாளுமன்றத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நாமும் சட்டமன்றத்தைக் கலைக்கிறோம், ஒழிப்பதில்லை. ஆகவே ‘மடங்கள் கலைப்பு’.

ஒழிப்புக் கட்சியினர் ‘ஜமீன் ஒழிப்பு’ உண்டே என்பார்கள். அங்கே பொருந்தும், ஜமீன் முறையே கூடாது என்று முடிவெடுத்தவர்கள் வைத்த பெயர் அது. கொசு ஒழிப்பு, வறுமை ஒழிப்பு என்று எங்கே பார்த்தாலும் ‘இது ஒழிய வேண்டியதே’ என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அரசனின் வழக்கறிஞர் பேச வேண்டியதை வரலாறு எழுதுகிறவர் ஏன் பேச வேண்டும்? 1536இல் வட இங்கிலாந்து மக்கள் மடங்களுக்காகவும் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களின் தலைவர் ராபர்ட் ஆஸ்க்கை மறு ஆண்டு யார்க் நகரில் தூக்கிலிட்டார்கள். அவர் வாயில் இந்தச் சொல் வந்திருக்குமா?

நடந்த காரியத்தையும் பாருங்கள். 1536ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களின் மீது பாய்ந்தது. பிறகு பெரிய மடங்களின் முறை. துறவியர் கூடி ஒப்படைப்புப் பத்திரத்தில் மடத்தின் முத்திரையைப் பதித்தார்கள். அத்துடன் அமைப்பு கலைந்தது. நிலம் அரசனுக்கு, துறவியர் பலருக்கு ஓய்வூதியம். கூரை ஈயத்தைப் பெயர்த்து உருக்கியதெல்லாம் அதற்குப் பின். குளோஸ்டர், பீட்டர்பரோ மடங்களின் தேவாலயங்கள் பேராலயங்களாகி இன்றும் நிற்கின்றன. மிரட்டி வாங்கிய ஒப்படைப்புதானே என்று கேட்கலாம். உண்மைதான், இணங்காத கிளாஸ்டன்பரி மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங்கை 1539இல் குன்றின்மேல் தூக்கிலிட்டார்கள். மிரட்டிக் கலைத்தாலும் கலைப்புதான். ஆட்சிக் கலைப்பைப் பார்க்காதவர்களா நாம்?

இதைவிடக் கொடுமை ‘மடாலயங்களின் கரைப்பு’. ‘டிஸ்ஸொல்யூஷன்’ என்பதற்கு நீரில் கரைதல் என்றும் பொருள் உண்டு, அதைப் பிடித்துக்கொண்ட இயந்திர மொழிபெயர்ப்பின் கைங்கரியம். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பதை இவ்வளவு நேராகவா எடுத்துக்கொள்வது? அதைத் திருத்தாமல் அப்படியே அச்சுக்கு அனுப்புகிறவர்களை என்ன சொல்ல!

‘மடாலயம்’ என்ற நீட்டலும் வேண்டாம். திருவாவடுதுறையில் இருப்பது மடம். கத்தோலிக்கக் கன்னியர் வாழ்வதும் மடம். இங்கிலாந்துக்குப் போனதும் அதன் வாலில் ஓர் ஆலயத்தை ஏன் கட்டித் தொங்கவிட வேண்டும்?