மூன்றாம் நாள் காலை, கண்ணாடி முன்னால்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு பக்கக் கன்னம் மட்டும் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டது போல உப்பியிருந்தது. அனுப்பியவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். நான் பல் மருத்துவர்; திங்கட்கிழமை காலை அவருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட், அதாவது இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், பொருத்தி அனுப்பியிருந்தேன். படத்துக்குக் கீழே ஒரு வரி: "நேற்றைவிட இன்று அதிகமாக இருக்கிறது சார். உள்ளே ஏதாவது தவறாகிவிட்டதா?"

தவறாகவில்லை. கணக்குப்படிதான் வீங்கியிருந்தது, கொஞ்சம் கூடுதலாக. அந்தக் கூடுதலுக்கான காரணம் பின்னால் வருகிறது. (இங்கே நான் குறிப்பிடுகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இம்ப்ளாண்ட் வைக்க ஈறைக் கீறி விலக்கி, எலும்பில் துளையிட்டு, டைட்டானியம் திருகை உள்ளே இறக்குகிறோம். எவ்வளவு பதமாகச் செய்தாலும் உடம்பின் கணக்கில் அது காயம்தான். அந்த இடத்து இரத்தக் குழாய்கள் விரிந்து, நீரும் வெள்ளையணுக்களும் திசுவுக்குள் கசிகின்றன. இந்தக் கசிவு ஒரே நாளில் முடிவதில்லை. அறுவை முடிந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கத் தொடங்கி ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். அன்று மாலை ஒன்றும் இல்லாத முகம் மூன்றாம் நாள் காலை கண்ணாடியில் வேறு யாருடையதோ போலத் தெரிவது இதனால்தான். ஒரே ஒரு இம்ப்ளாண்ட் என்றால் வீக்கம் வெளியில் தெரியாமலே போகலாம். எலும்பு போதாத இடத்தில் எலும்புத் தூள் வைத்துக் கட்டியிருந்தால் பெரும்பாலும் தெரியும்.

பட்டறைக்காரரின் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்தேன். அவருடைய அம்மா திங்கள் இரவே கல் உப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, மகன் கன்னத்தில் ஒற்றியெடுத்திருக்கிறார். வீக்கம் என்றால் ஒத்தடம் என்பது நம் வீடுகளில் கேள்வியே கேட்கப்படாத சட்டம். சுளுக்குக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் அந்தச் சட்டம் சரி. அறுவை நடந்த அன்று சூடு வைத்தால் குழாய்கள் இன்னும் விரிந்து கசிவு கூடும், இரத்தமும் கசியலாம். முதல் ஒன்றிரண்டு நாள் குளிர்ச்சிதான். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு, துண்டில் சுற்றி, கன்னத்துக்கு வெளியே 15 அல்லது 20 நிமிடம் வையுங்கள். அதே அளவு நேரம் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். தூங்கும்போது வேண்டாம். ஐஸை நேராகத் தோலில் வைக்கவும் வேண்டாம். மரத்துப்போன கன்னத்துக்குச் சுடுவதும் தெரியாது, குளிர் கடிப்பதும் தெரியாது. இரண்டு நாள் கழிந்தபின் இதமான சூட்டில் ஈரத்துணி ஒத்தடம் கொடுக்கலாம். அம்மாவின் வைத்தியம் தவறில்லை, நாள்தான் தவறு. அப்படித்தான் அவரிடமும் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

முதல் இரண்டு மூன்று இரவுகள் தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் காலையில் முகம் அவ்வளவு உப்பாது. கழுத்துவரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போவது, அதுவும் வயதான பெண்களுக்கு, பார்க்கத்தான் பயமாக இருக்கும். கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்குகிறது, அவ்வளவே. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறையும்.

பட்டறைக்காரருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. வெள்ளியைப் பற்றவைக்க அவர் இன்னமும் வாயால் ஊதுகுழல் ஊதுகிறவர். குனிந்து, நெருப்புக்கு முன்னால், கன்னம் புடைக்க ஊத வேண்டும். புதுத் தையலுக்கு அதைவிடக் கெட்ட வேலை இல்லை. தையல் பிரிக்கும்வரை ஊதுகிற வேலையை வேறொருவரிடம் விடச் சொன்னேன்.

ஊதுவது போலவேதான் உறிஞ்சுவதும். வாய்க்குள் உண்டாகும் இழுப்பு, காயத்தை மூடியிருக்கும் இரத்தக் கட்டியை அசைத்துவிடும். அறுவை முடிந்து போகும் வழியில் இளநீர் குடிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகக் குடிக்கலாம், டம்ளரில் ஊற்றி. கடைக்காரர் செருகித் தரும் குழல்தான் வேண்டாம். மாம்பழக் காலத்தில் சேலத்தில் இதற்கு ஒரு துணைக் கேள்வியும் உண்டு: மல்கோவா சாப்பிடலாமா? சர்க்கரை இல்லாதவர் சதையை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடலாம், கொட்டையைச் சப்பக் கூடாது. முதல் 24 மணி நேரம் ஓங்கிக் கொப்பளிப்பதும் காறித் துப்புவதும் கூடாது. அடுத்த நாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து மெதுவாக அலசினால் போதும். பீடி, சிகரெட், புகையிலை, வெற்றிலை பாக்கு எதுவும் வேண்டாம். நிகோட்டின் இரத்த ஓட்டத்தைச் சுருக்குகிறது. புகைப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் தோற்றுப்போவது மற்றவர்களைவிட அதிகம்.

சாப்பாட்டில் எனக்கு வருகிற பெரிய சண்டை பத்தியத்தோடுதான். முட்டை சீழ் வைக்கும், மீன் சீழ் வைக்கும், பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, ஒரு வாரம் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியில் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜவ்வரிசி நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து. காயம் ஆறப் புரதம் வேண்டும். ஆறவைத்த பருப்புச் சாதம், தயிர், குழைய வேகவைத்த முட்டை, ஆறிய கேழ்வரகுக் கூழ் எல்லாம் சாப்பிடுங்கள். முட்டையால் சீழ் வருவதில்லை; கிருமியால் வருகிறது. தட்டுவடை செட் மட்டும் சில வாரம் காத்திருக்கட்டும், அதன் நொறுங்கல் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: வீக்கத்துக்காக நாங்கள் சில சமயம் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும். அந்த நாட்களில் வீட்டில் குத்திப் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல்லுக்காக அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் நாங்களும் பேசி முடிவுசெய்கிறோம்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் அன்றே மலையேறலாமா என்று கேட்பார்கள். கீழ்த்தாடை என்றால் தடையில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றாமலிருந்தால் சரி. மேல்தாடையின் பின்பக்கத்தில் சைனஸ் தரையை உயர்த்தி எலும்பு வைத்திருந்தால் கதை வேறு. சைனஸ் என்பது மேல்தாடைக்கு மேலே, மூக்கோடு இணைந்த, காற்று நிறைந்த அறை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. பாதி வழியில் காது அடைக்கும் அதே அழுத்த மாற்றம் அந்த அறைக்கும் உண்டு. அப்படிப்பட்டவர்களை முடிந்தால் சில நாள் கீழே உறவினர் வீட்டில் தங்கச் சொல்கிறேன். எங்கே இருந்தாலும் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

வீக்கம் வடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இன்னொரு வகைத் தொல்லை. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952இல் முயலின் எலும்பில் கவனித்தார். மனிதருக்கு முதன்முதலில் 1965இல் பொருத்தினார். அந்த ஒட்டுதலுக்குக் கீழ்த்தாடையில் மூன்று நான்கு மாதமும் மேல்தாடையில் அதற்குக் கூடுதலாகவும் ஆகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொருத்தியபோது இருந்த இறுக்கம் முதல் சில வாரங்களில் சற்றுத் தளர்ந்து, புது எலும்பு வளர வளரத்தான் திரும்பக் கூடும். வலியும் போய், வீக்கமும் போய், முறுக்கைக் கடிக்க ஆசை வருகிற அந்த மூன்றாவது வாரத்தில்தான் திருகு தன் பிடியில் பலவீனமாக இருக்கிறது.

இனி என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தார். கன்னம் இறுகிச் சிவந்திருந்தது, வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை, தையலோரம் அழுத்தினால் சீழ். நாலாம் நாள் இறங்கிய வீக்கம் ஐந்தாம் நாள் மறுபடி ஏறியிருக்கிறது. ஏன் கூப்பிடவில்லை அம்மா என்று கேட்டேன். "வீக்கம் வரும், பயப்படாதீர்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார். ஆமாம், சொன்னேன். எதுவரை என்று சொல்லவில்லை. அந்த இம்ப்ளாண்டைக் காப்பாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு வெறுமனே ஆறுதல் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். தினமும் காலையில் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நின்று முகத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை வைத்து நான் முடிவுசெய்வதில்லை. நேற்றிலிருந்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கிறேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அறுவை நாளிலிருந்து நாலாம் நாளின் தேதியைப் பெரிதாக எழுதி, என் கைபேசி எண்ணையும் எழுதுகிறேன். அந்தத் தேதிக்குப் பிறகு வீக்கமோ வலியோ ஏறினால், காய்ச்சல் வந்தால், வாயில் கெட்ட சுவையும் சீழும் தெரிந்தால் அன்றே வர வேண்டும். மரப்பு ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மறுநாள் காலையிலும் உதடோ தாடையோ மரத்தே இருந்தால் நரம்பு அழுந்தியிருக்கலாம். அதற்கு நாலாம் நாள்வரை பொறுக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்கிக்கொள்கிறது, மூச்சு திணறுகிறது என்றால் என்னைக்கூடக் கூப்பிட வேண்டாம், 108ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

பட்டறைக்காரரின் வியாழன் படம் புதன் படம் போலவே இருந்தது. வெள்ளிக்கிழமைப் படத்தில் தாடையோரம் மறுபடி கோடாகத் தெரியத் தொடங்கியிருந்தது; பின்னால் அவருடைய அம்மா, உப்பு முடிச்சோடு நின்றிருந்தார்.