ஊட்டியில் ஒன்றரை லிட்டர் என்பது எவ்வளவு?

கேத்திப் பக்கம் கேரட் போடும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, பழைய பிக்கப் ஒன்று வாங்கணும். ரெண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தோஸ்த், ஒன்றரை லிட்டர் இன்ஜின். இன்னொன்று பொலிரோ பிக்கப், ரெண்டரை லிட்டர். சின்னது மைலேஜ் கொடுக்கும், பெரியது இழுக்கும் என்கிறார்கள். நம்ம மலைக்கு எது சரி?"

மேட்டுப்பாளையம் வரைக்கும் அவர்கள் சொல்வது சரிதான். கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் 1478, 2523 என்று சி.சி. போட்டிருக்கிறதே, அது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் போய்வரும் இடத்தின் அளவு. நான்கு ஸ்ட்ரோக் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் அந்த இடம் ஒருமுறை காற்றால் நிரம்பும் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். எவ்வளவு டீசலை ஒழுங்காக எரிக்கலாம் என்பதை அந்தக் காற்றின் எடைதான் தீர்மானிக்கிறது. இடத்தின் அளவு எங்கே போனாலும் மாறாது, காற்றின் எடை மாறும்.

கடல்மட்டத்தில் நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ காற்று நிற்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அது 800 கிராம்தான். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களைப் பிடிக்க டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஆய்வகம் வைத்திருப்பதற்கு இந்த மெல்லிய காற்றும் ஒரு காரணம். அந்த வேலைக்குக் கொடுக்கும் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன், இன்னும் கூடக் கொடுக்கலாம். ஆனால் அதே காற்றில் முக்கி முனகி ஏறும் பிக்கப்பை, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு அளக்கும் ஒரு ரோலர் மேல் ஏற்றி, இந்த உயரத்தில் இழுவை எவ்வளவு என்று அளந்து விவசாயி கையில் ஒரு தாள் கொடுக்க யாராவது கொஞ்சம் செலவழித்தால் என்ன?

சரி, கணக்குக்கு வருவோம். ஊட்டியின் குளிர் காற்றைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுக்கிறது, அதனால் நஷ்டம் முழுசாக இல்லை. அப்படியும் சென்னையில் ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைகிறது. டர்போ இல்லாத பழைய டீசல் வண்டியின் பம்புக்கு இந்த விவரம் தெரியாது, கீழே ஊற்றிய அதே அளவு டீசலை மேலேயும் ஊற்றும். எரியக் காற்று போதாமல் மிச்சம் கரியாக வெளியே வரும். பர்லியாறுக்கு மேலே ஏறும் பழைய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் அந்தக் கரியை மூக்கில் வாங்கியிருப்பார்கள்.

டர்போ இங்கேதான் உதவிக்கு வருகிறது. எனக்கு இன்ஜினிலேயே ரொம்பப் பிடித்த பாகம் அது. வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும், தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். ஆல்ஃபிரட் பியூஹி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான இன்ஜினை, விமானத்தில் மாட்டுவதற்கு முன்னால், பைக்ஸ் பீக் என்ற 4,300 மீட்டர் மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய் டர்போவைச் சோதித்தார். அது பிறந்ததே மலைக்காக என்று நான் சொல்லிக்கொள்வேன்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. புகை எவ்வளவு வேகமாக விரிகிறதோ அவ்வளவு வேகமாகச் சக்கரம் சுற்றும். வெளியே காற்றழுத்தம் குறைவாக இருந்தால் புகை இன்னும் நன்றாக விரியும். அதாவது இன்ஜினைப் பட்டினி போடுகிற அதே மெல்லிய காற்றுதான் டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கிறது. முழு நஷ்டத்தையும் ஈடுகட்டாது. அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள்: கடல்மட்டக் காற்று ஏறக்குறைய ஒரு பார், ஊட்டியில் 0.78. வெளிக்காற்றுக்கு மேல் 0.8 பார் கூட்டிக் கொடுக்கும் டர்போ என்று வைத்துக்கொண்டால், கீழே மொத்தம் 1.8, ஊட்டியில் 1.58. நஷ்டம் 12, 13 விழுக்காட்டோடு நின்றுவிடும்.

அப்போ டர்போ உள்ள சின்ன இன்ஜினே போதுமே? ஓடிக்கொண்டே இருந்தால் போதும். லோடோடு மூன்று டன் வண்டி, பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம், 20 கிலோமீட்டர் வேகம் என்றால் தேவை சுமார் 22 குதிரைத்திறன்தான், இரண்டிலுமே அதற்கு மேல் தாராளமாக இருக்கிறது. சிக்கல் கொண்டை ஊசி வளைவில். எதிரே பஸ் வருகிறது, நாம் ஒதுங்கி நிற்கிறோம், மறுபடி கிளம்ப வேண்டும். இன்ஜின் ஆயிரம் சுற்றில் இருக்கிறது, புகை கொஞ்சம்தான், டர்போ தூங்குகிறது. அந்த இரண்டு மூன்று நொடி உங்கள் கையில் இருப்பது டர்போ இல்லாத வெறும் இன்ஜின், அதுவும் ஊட்டிக் காற்றில். ஒன்றரை லிட்டர் கிட்டத்தட்ட 1.2 ஆகிவிடும், இரண்டரை லிட்டர் 2 ஆகும். டிரைவர் கிளட்சைப் பாதியில் பிடித்து இன்ஜினை அலற விடுவார், பின்னாலேயே கிளட்ச் தீய்ந்த வாடை வரும்.

இறக்கத்தையும் பார்க்க வேண்டும். நம்ம ஊர் லோடு பெரும்பாலும் கீழேதான் போகிறது. கழுவிய கேரட் மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும், திரும்பும்போது எருவோ உரமோ ஏறும், இல்லையென்றால் காலி வண்டி. ஏறும் கியரிலேயே இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். அந்தப் பிடிப்பும் சி.சி. கூடினால் கூடும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, வழியிலுள்ள காட்டேரி என்ற ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே பிடிப்பு குறைந்துவிடலாம்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது: தோட்டத்திலிருந்து ஊட்டி வரைக்கும்தான் ஓட்டம் என்றால் சின்னது தாராளம், டீசல் மிச்சம். மண்டிக்கு இறங்கி எரு ஏற்றி வருவதென்றால் பெரியதை எடுங்கள். ஆனால் பழைய வண்டியில் சி.சி.யை விட டர்போவின் உடம்புதான் முக்கியம். முழு ஏற்றமும் ஏறி வந்து, டீ குடிக்கிற அவசரத்தில் உடனே சாவியைத் திருப்பி அணைக்கும் டிரைவர் கையில் இருந்த டர்போ சீக்கிரம் போய்விடும். சூட்டில் எண்ணெய் நின்ற இடத்திலேயே கரியாகும். ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டு அணைத்திருந்தால் தப்பித்திருக்கும். பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் தவறாமல் மாற்றிவிட்டு இன்ஜின் ஆயிலை மட்டும் அடுத்த மாதம் என்று தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும். எலுமிச்சை கட்டுவது அவர் இஷ்டம், எண்ணெய்ப் படலத்துக்கு அது தெரியாது.

டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே சக்கரத்தை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், இறக்கை சுவரில் உரசக் கூடாது. குழாயில் எண்ணெய் தேங்கி நின்றாலும் வேண்டாம். அப்புறம் பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வளைவின் நடுவில் நிறுத்தி, முதல் கியரில் கிளப்பி, கண்ணாடியில் புகையின் நிறத்தைக் கவனியுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போவது நல்லது. விற்கிறவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு "டீ குடித்துவிட்டு வருகிறேன் அண்ணா" என்று கிளம்பி, ஆறியதும் திரும்பி வாருங்கள்.