படைமண்டலத் திடீர் வெப்ப உயர்வு: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'சடன் ஸ்ட்ராட்டோஸ்பியரிக் வார்மிங்'. பிப்ரவரியில் இந்தச் சொல் அடிபட்டால், பிரிட்டனில் வசந்தம் பனியோடு பிறக்கக்கூடும் என்று முன்னறிவிப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள் என்று பொருள். வானிலைக் கணக்கில் அங்கே வசந்தம் தொடங்குவது மார்ச் 1.

சூடாவது தரையல்ல; நம் வானிலை உருவாகும் கீழ்வளிமண்டலத்துக்கு மேலுள்ள காற்றடுக்கான படைமண்டலம். வடதுருவத்துக்கு மேல் சுமார் 30 கி.மீ. உயரத்தில் சில நாட்களுக்குள் வெப்பநிலை முன்பிருந்ததைவிட 50 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடுகிறது. குளிர்காலத்தில் அங்கே மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றும் கடுங்காற்றுக்குத் துருவச் சுழல் என்று பெயர். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் காற்றில் எழுப்பும் பேரலைகள் மேலேறி உடையும்போது அந்தச் சுழல் தளர்கிறது. துருவத்தின் மேல் காற்று கீழிறங்கி, அழுத்தப்பட்டுச் சூடாகிறது. 60 பாகை வட அட்சரேகையில், 10 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் உள்ள மட்டத்தில் (அதே 30 கி.மீ. உயரம்), சராசரிக் காற்று திசைமாறிக் கிழக்கிலிருந்து வீசினால் அது 'பெரும்' நிகழ்வு. பத்தாண்டுக்குச் சுமார் ஆறு முறை நடக்கும்.

'ஸ்ட்ராட்டம்' லத்தீன், விரித்த படை என்று பொருள். 11 கி.மீ. அளவுக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிடுவதைப் பலூன்களால் கண்டு 1902-இல் அறிவித்தவர் பிரான்சின் தெஸ்ரங் த போர். அங்கே காற்று கலங்காமல் படை படையாகக் கிடக்கிறது என்று கருதியே பின்னர் 'ஸ்ட்ராட்டோஸ்பியர்' என்று பெயர் வைத்தார். 1952-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் இந்த வெப்ப உயர்வைப் பதிவுசெய்தபோது ஜெர்மனில் 'வெடிப்பு போன்ற' என்றே எழுதினார். ஆங்கிலத்தில் அது 'திடீர்' என்று நிலைத்தது.

2018 பிப்ரவரி 12-இல் படைமண்டலத்தில் காற்று திசைமாறியது. இரண்டு வாரத்தில் சைபீரியப் பக்கத்துக் குளிர்காற்று பிரிட்டனை அடைந்தது; தெற்கிலிருந்து வந்த எம்மா புயல் அதன்மேல் மோதிப் பனியைக் கொட்டியது. மார்ச் 1 அன்று வேல்ஸின் ட்ரெடிகரில் பகல் உச்ச வெப்பநிலையே மைனஸ் 4.7 டிகிரி.

ஆனால் 2019 ஜனவரித் தொடக்கத்திலும் பெரும் நிகழ்வு நடந்தது. பிப்ரவரி 26-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பதிவானதோ 21.2 டிகிரி! மேலே நடந்தது கீழ்வளிமண்டலம்வரை சரியாக இறங்கவில்லை. அதனால் 10 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தோடு நின்றுவிடக் கூடாது. அதற்குக் கீழே, 100 ஹெக்டோபாஸ்கல் மட்டத்திலும் மேற்குக்காற்று தளர்கிறதா, கிரீன்லாந்துப் பக்கமோ ஸ்காண்டிநேவியாவிலோ உயரழுத்தம் நிலைகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கணினி வானிலை மாதிரியைச் சிறு மாற்றங்களோடு பலமுறை ஓட்டுகிறார்கள். அவற்றில் எத்தனை ஓட்டங்கள் குளிரைக் காட்டுகின்றன என்பதுதான் முன்னறிவிப்பு. எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் பனி என்று மூன்று வாரம் முன்பே சொல்ல முடியாது.

தமிழில் அடுக்குமண்டலம், படைமண்டலம் இரண்டும் வழக்கில் உண்டு, இலங்கையில் படைமண்டலம். மூலச்சொல்லின் பொருளுக்கு நெருக்கம் என்பதால் இதுவே எங்கள் தேர்வு. 'வார்மிங்' என்பதை 'வெப்பமயமாதல்' ஆக்க வேண்டாம்: அது புவி வெப்பமயமாதலை நினைவூட்டும். 'வெப்பமேற்றம்' யாரோ சூடேற்றியதுபோல ஒலிக்கும். 'வெப்ப உயர்வு' போதும். 'துருவச் சூறாவளி' என்பது பிழை. துருவச் சுழல் புயலே அல்ல, ஒவ்வொரு குளிர்காலமும் மேலே இருப்பது. வாக்கியத்தில்: "படைமண்டலத் திடீர் வெப்ப உயர்வால், மார்ச் முதல் வாரத்தில் குளிருக்கான வாய்ப்பு கூடியுள்ளது."