"கட்டிடவா சார்?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது

லோன் ஆப் மிரட்டல் என்று என் வக்கீல் அலுவலகத்துக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "பேசாமக் கட்டிடவா சார்?" தொகை பெரும்பாலும் பத்தாயிரத்துக்குள்தான் இருக்கும். மானம் போவதைவிடப் பணம் போகட்டும் என்ற கணக்கு. நான் திருப்பிக் கேட்பேன்: "யாருக்குக் கட்டப் போறீங்க?" அதற்குப் பதில் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மிரட்டுகிறவனின் முழு முயற்சியும் அந்தக் கேள்வி உங்கள் மனதில் எழாமல் பார்த்துக்கொள்வதுதான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்திருந்தார். முன்பு ஒரு ஆப்பில் சின்னதாகக் கடன் வாங்கி, முழுவதும் கட்டி முடித்தவர். திடீரென்று 6,200 ரூபாய் பாக்கி, மதியம் 2 மணிக்குள் கட்டாவிட்டால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் என்று அழைப்பு. பேசியவனுக்கு இவருடைய அப்பா பெயர், பான் எண், வேலை செய்யும் இடம் எல்லாம் தெரிந்திருந்தது. "இவ்வளவு தெரியுதே சார், அப்போ உண்மையாத்தானே இருக்கும்?" என்றார். அந்த விவரங்கள் அனைத்தும் ஆப் ஏற்றிய அன்று இவரே கொடுத்தவை. அவை கைமாறி எங்கெங்கோ விற்கப்படுகின்றன. உங்கள் விவரம் ஒருவனுக்குத் தெரியும் என்பது நீங்கள் அவனுக்குக் கடன்பட்டிருப்பதற்குச் சான்று ஆகாது.

அடுத்த அழைப்பு என் மேசையிலேயே வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு நானே கேட்டேன், "கடன் கொடுத்த நிறுவனம் எது?" ஒரு ஆப்பின் பெயரைச் சொன்னான். "அது ஆப் பெயர். பணம் கொடுத்த வங்கி அல்லது என்பிஎஃப்சி, அதாவது வங்கியல்லாத நிதி நிறுவனம், எது? கடன் கணக்கு எண் என்ன?" ஒரு வசவு, அதோடு இணைப்பு துண்டிப்பு. சிறிது நேரத்தில் வேறொரு எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்தால் யாரோ ஒரு 'டிரேடர்ஸ்' பெயர் காட்டியது. கடன் நிறுவனம் எதற்கு மளிகைக்கடைக் கணக்கில் வசூல் செய்கிறது?

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. 2025 மே மாதம் அவற்றைத் தொகுத்துப் புதிதாக வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: கடன் கொடுப்பது பதிவு பெற்ற வங்கி அல்லது நிதி நிறுவனம், ஆப் வெறும் இடையாள். பணம் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். திரும்பக் கட்டுவதும் அந்த நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். தவணை தவறிய கடனுக்கு நேரில் ஆள் அனுப்பி ரொக்கமாக வசூலிக்கலாம். அதுவும் அன்றைக்கே உங்கள் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். ஆகவே நீங்கள் உண்மையிலேயே கடன்பட்டவராக இருந்தாலும், யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பிய பணத்தால் உங்கள் பாக்கி ஒரு ரூபாய்கூடக் குறையாது. அவன் அனுப்பும் லிங்க் வேண்டாம். நிறுவனத்தின் தளத்தையோ ஆப்பையோ நீங்களே திறந்து, அங்கே தெரியும் பாக்கியை அங்கேயே கட்டுங்கள்.

கடன் இருக்கிறதா என்று சரிபார்க்க எளிய வழி, உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கிரெடிட் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். "சிபில் பார்க்கக் காசு கேட்கிறாங்களே" என்பார்கள். அது சந்தா விற்கும் பக்கம். இலவச அறிக்கைக்குத் தனி இடம் அதே தளத்தில் இருக்கும், கொஞ்சம் தேட வேண்டும். மருந்துக்கடைத் தம்பியின் அறிக்கையில் பழைய கடன் 'முடிந்தது' என்றே இருந்தது. சிலருக்கு, தாங்கள் வாங்கவே வாங்காத கடன் அதில் இருக்கும். அவர்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ வாங்கியது. அதற்கு மிரட்டுகிறவனோடு வாதாடிப் பயனில்லை. கிரெடிட் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி.

அறிக்கையில் எதுவுமே இல்லை, ஆனால் கடன் வாங்கியது உண்மை என்றால், பெரும்பாலும் கொடுத்தது பதிவில்லாத ஆப். இவை கொஞ்சநஞ்சம் இல்லை. ரிசர்வ் வங்கியின் குழு 2021 தொடக்கத்தில் இரண்டு மாதம் தேடியதில் சுமார் 1,100 கடன் ஆப்கள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. இப்போது பதிவு பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே இருக்கிறது. கடன் வாங்கும் முன்பே பார்த்துவிடுவது உத்தமம்.

பதிவில்லாத ஆப்பின் கணக்கு எப்படி ஓடும் என்று பாருங்கள். 5,000 ரூபாய் கடன் என்பார்கள். 'ப்ராசசிங்' என்று பிடித்தது போகக் கையில் வருவது 3,500. ஏழாவது நாள் 5,000 கட்ட வேண்டும். கையில் வந்த தொகைக்கு ஒரு வாரத்தில் 42 சதவீதத்துக்கு மேல் வட்டி. வருடக் கணக்கில் இரண்டாயிரம் சதவீதத்தைத் தாண்டும். ஊர்க் கந்துவட்டிக்காரர்கூட இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார். கட்ட முடியாதபோது 'எக்ஸ்டென்ஷன்' என்று ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கிக்கொண்டு ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள், அசல் அப்படியே நிற்கும். அல்லது இன்னொரு ஆப்பைக் காட்டி, அதில் வாங்கி இதில் கட்டச் சொல்வார்கள். நான் பார்த்தவரை, குடும்பங்களை மூழ்கடித்தது முதல் கடன் இல்லை, இந்தச் சங்கிலிதான்.

பதிவு பெற்ற நிறுவனத்திலேயே வாங்கி, நிஜமாகவே பாக்கி வைத்திருக்கிறீர்களா? சரி, கடன் கடன்தான். ஒளிந்துகொள்ளாமல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, கணக்கு விவரம் கேளுங்கள். தவணையைப் பிரித்துக் கட்டுவதோ செட்டில்மென்டோ பேசினால் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு பைசா அனுப்ப வேண்டாம். முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்று (என்ஓசி) வாங்க மறக்காதீர்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காக ரெக்கவரி ஏஜென்ட் எதையும் செய்யலாம் என்றில்லை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினர், நண்பர் என்று ஆளுக்கு ஆள் அழைத்து அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். விவரம் கேட்க 14448.

அப்புறம் அந்த 'நோட்டீஸ்'. வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பில் சிங்கமுகச் சின்னம், சுப்ரீம் கோர்ட் படம், சிபிஐ முத்திரை என்று எல்லாமே இருக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை சின்னம் இருக்காது. ஒரு வக்கீல் நோட்டீஸில் வக்கீலின் பெயர், முகவரி, யாருக்காக அனுப்புகிறார் என்ற விவரம் இருக்கும். அரசுச் சின்னம் இருக்காது. இன்னொரு வேடிக்கை, பல போலி நோட்டீஸ்களில் இன்னும் 'ஐபிசி 420' என்றே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் பதிலாக நடைமுறையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. மோசடிக்கு அதில் 318-ஆவது பிரிவு. புதுக் கடனுக்குப் பழைய சட்டத்தில் கைது செய்யப் போகிறார்களாம்! விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைப் போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டும் கைதுக்குரிய குற்றம் இல்லை. அது சிவில் வழக்கு. செக் திரும்பினாலோ, ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினாலோ தனி வழக்கு வரலாம். அதற்கும் கோர்ட் நடைமுறை உண்டு, மதியம் 2 மணிக் கெடு கிடையாது.

மார்ஃபிங் செய்த, அதாவது ஆபாசமாக ஒட்டுவேலை செய்த, படத்தைக் காண்டாக்டில் உள்ளவர்களுக்கு அனுப்புவேன் என்பதுதான் கடைசி ஆயுதம். இங்கே நான் சொல்வது சிலருக்குக் கடினமாக இருக்கும்: அவன் அனுப்புவதற்கு முன் நீங்களே வீட்டிலும் நெருங்கியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். "என் நம்பரை வச்சு மோசடி நடக்குது, படம் ஏதாவது வந்தா நம்பாதீங்க, பதில் போடாம ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எனக்கு அனுப்புங்க" என்று ஒரு மெசேஜ் போதும். பணம் கொடுத்தால் படம் அழியாது. கொடுக்கிற ஆள் என்று உங்கள் எண் அடுத்தவனுக்குப் போகும். பயத்தில் ராத்திரி தூக்கம் வராமல் தப்பான எண்ணம் ஏதும் வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். படத்தை மார்ஃப் செய்தவனுக்குத்தான் வழக்கு வரும், உங்களுக்கு இல்லை.

புகாருக்கு 1930, அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம், அல்லது உங்கள் மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையம். நேரில் கொடுத்தால், புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பலர் செய்யும் தவறு, கோபத்தில் எல்லாச் சாட்டையும் அழித்து, போனையே ரீசெட் செய்துவிட்டு வருவது. ஆதாரம் மொத்தமும் அதில்தானே இருக்கிறது! அழைப்பு எண்கள், சாட், க்யூஆர் கோடு, ஆப்பின் பெயர் எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள். ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை செட்டிங்ஸில் நிறுத்திவிட்டு, பிறகு ஆப்பை நீக்குங்கள். கட்டாயப்படுத்தி வசூலிப்பவர்களைத் தண்டிக்க 2025-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டமும், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும் பொருந்துமா என்பதை உங்கள் வக்கீல் பார்த்துச் சொல்வார்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் ஜிபே, போன்பேயில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து, யுடிஆர் என்ற பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. விடிந்ததும் வக்கீலைப் பார்க்கலாம் என்று இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த எண் இரவிலும் வேலை செய்யும், நான் செய்ய மாட்டேன்.